திங்கட்கிழமை ஓட்டம்

ஓட்டத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால்கூட நான் படிக்கட்டில் நிதானமாகத்தான் இறங்குவேன். அடுத்த வண்டி வராமலா போய்விடும்? அப்படிப்பட்ட என்னைத்தான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், எங்கள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டீச்சர், இனிமே ட்ரில் பீரியடு உங்களுது" என்றார்.

பம்மல் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி அது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, தலைமையாசிரியரோடு சேர்த்து நாலு பேர் வாத்தியார்கள். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி தர வேண்டும், சத்துள்ள உணவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. தலைமையாசிரியருக்கு மூச்சிரைப்பு. இன்னொருவருக்கு முழங்கால் வலி. மூன்றாமவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர். மிச்சம் யார்? நான்தான். "எனக்கு ஓடத் தெரியாது சார்" என்றேன். "நீங்க எதுக்கு ஓடணும், பிள்ளைங்கதானே ஓடணும்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டாலும் ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்யாமல் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்காரரின் பழைய கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன். அதில் விநாடி முள் பெரியதாக இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம், கடைசியில் ஓர் அடிபம்பு. மரத்திலிருந்து பம்பு வரை ஓடி, பம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதுதான் எங்கள் மைதானம். வேறு இடம் கிடையாது. பத்து மணிக்கு மேலே போனால் தோல் கம்பெனிகளின் சாக்கடை வாடை தூக்கும் என்பதால், காலைப் பிரார்த்தனை முடிந்ததுமே ட்ரில் என்று வைத்தேன். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் அத்தனை பேரும் அப்படியே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தை நோட்டிலிருந்து கழித்துவிடுவேன்.

உணவுப் பாடத்துக்காகப் பெரிய அட்டையில் படம் வரைந்தேன். பால், முட்டை, கீரை, மீன், கேரட், ஆப்பிள். ஆப்பிளுக்கு நல்ல சிவப்பாக வண்ணம் தீட்டியிருந்தேன். "யார் யார் ஆப்பிள் சாப்பிட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒருவன், அவன் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பிட்டிருக்கிறான். இன்னொருத்தி, தங்கச்சி பிறந்தபோது அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். முன் வரிசையிலிருந்து ஒரு குரல் எனக்குப் பாடம் சொன்னது: "ஆப்பிள் சீக்குக்காரங்களுக்கு டீச்சர்." வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீக்கு வராமல் இருக்கத்தான் ஆப்பிள் என்று கரும்பலகையில் எழுதி, பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். ராகமாகவே சொன்னார்கள். காலையில் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்பதையும் சேர்த்துச் சொல்லவைத்தேன். அந்த வயதில் எனக்கு நான் சொல்வதெல்லாம் சரி என்ற நினைப்பு.

அந்தப் பெண்ணை முதலில் பார்த்தது ட்ரில் ஆரம்பித்த மூன்றாவது நாள். ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. படிப்பில் சுமார். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பாவாடை இடுப்பில் நிற்காது என்று ஊக்குக் குத்தியிருந்தாள். ஓடும்போது ஊக்கு அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடுவாள். மற்ற கை மட்டும்தான் வீசும். அன்றைக்கு "ரெடி" சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தினால் அவள் பம்பைத் தொட்டுத் திரும்பிவிட்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் பம்புக்குப் போய்ச் சேரவில்லை. அவள் காலடியில் புழுதிகூட எழும்பவில்லை. முகத்தில் சிரமம் இல்லை, சந்தோஷமும் இல்லை. வீட்டில் கொடியில் துணி எடுக்கப் போய் வருகிறவள் போல வந்து நின்றாள்.

நான் விநாடியைக் குறிக்க மறந்தே போனேன். "இன்னொரு தடவை ஓடு" என்றேன். ஓடினாள். ஓட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத எனக்குக் கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. மனித உடம்பு இப்படியெல்லாம் செய்யும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோயிலில் ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது சில சமயம் நெஞ்சு அடைக்குமே, அப்படி அடைத்தது. ஆண்டவரே, இந்தச் சின்ன உடம்புக்குள் எதை வைத்திருக்கிறீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ட்ரில் பீரியடு கசக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே நோட்டைப் பிரித்து வைத்துக்கொள்வேன். அவள் நேரம் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒன்று மட்டும் என்னைப் படுத்தி எடுத்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை பறக்கிறவள், திங்கட்கிழமை தேய்கிறாள். நாலு விநாடி, ஐந்து விநாடி கூட ஆகிறது. அவள் மட்டுமில்லை, முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். நோட்டை எப்படிப் புரட்டினாலும் திங்கட்கிழமை மட்டும் நொண்டியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் ஆடுகிறார்கள், யார் வீட்டிலாவது டி.வி. முன்னால் கிடக்கிறார்கள், திங்கட்கிழமை சோம்பேறித்தனம். அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு மருந்து என்ன? இன்னும் ஓடுவது. திங்கட்கிழமைகளில் எல்லாருக்கும் ஒரு சுற்று கூடுதல் என்று அறிவித்தேன். இதை இப்போது எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனால் செய்தேன். மூன்று திங்கட்கிழமைகள் செய்தேன்.

மூன்றாவது திங்கட்கிழமை, கூடுதல் சுற்றில், அந்தப் பெண் பம்பு வரை போனாள். பம்பைத் தொட்டாள். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு. நடிக்காதே" என்றேன்.

"கால் வரல டீச்சர்" என்றாள்.

சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் செய்கிற அக்கா வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். பள்ளி முழுக்க அக்கா என்று கூப்பிடும், நானும் அப்படியே. கையில் கரண்டி இருந்தது. நேராகப் பம்புக்குப் போய் அந்தப் பெண்ணைத் தூக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். அந்தப் பக்கத்துப் பேச்சில் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது.

"இன்னா டீச்சர், திங்கக்கெழம ஆனா இதுங்கள வறுத்து எடுக்கற? வெள்ளிக்கெழம மதியானம் என் கையால துன்னது. சனி நாயிறு ஸ்கூல் கீதா? சோறு கீதா? இப்ப வயித்துல இன்னா வெச்சுக்கினு ஓடும்?"

"வீட்ல சமைக்க மாட்டாங்களா?" என்றேன்.

"வூட்ல ஆக்குவாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நாயித்துக்கெழம தோல் கம்பெனி லீவு. கூலி இல்லாத நாளு எவ்ளோ ஆக்குவாங்க? திங்கக்கெழம நான் எப்பவும் ரெண்டு படி சேத்துப் போட்டுத்தான் உலை வெப்பேன். அன்னிக்கு மட்டும்தான் மூணாவது தபா தட்ட நீட்டுதுங்க. உனக்கு நெசமாவே தெரியாதா?"

தெரியாது. நோட்டு என் கையில் இருந்தது. அதில் ஆறு வாரத்துத் திங்கட்கிழமைகளும் என் கையெழுத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு எண்ணும் எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருந்தது. பிள்ளைகள் ஒருவர்கூட வாய் திறந்து பசி என்று சொன்னதில்லை, அவர்கள் கால்கள்தான் விநாடி சுத்தமாகச் சொல்லியிருந்தன. நான்தான் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று: இரண்டு நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு இந்தப் பெண் நான் சொன்னேன் என்பதற்காகக் கூடுதல் சுற்றும் ஓடியிருக்கிறாள். நானாக இருந்தால் ஸ்டேஷன் படிக்கட்டில்கூட ஏறியிருக்க மாட்டேன்.

அன்றோடு திங்கட்கிழமை ஓட்டத்தை நிறுத்தினேன். திங்கட்கிழமை என்றால் கதை, பாட்டு, உட்கார்ந்த இடத்தில் கையைத் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். தலைமையாசிரியர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணப் பத்தி ஒரு விஷயம் டீச்சர். தாம்பரத்துல அந்த மிஷன் பெண்கள் ஸ்கூல் இருக்கில்ல, அங்க பி.டி. டீச்சர் வருஷா வருஷம் நல்லா ஓடற பொண்ணுங்க ரெண்டு மூணு பேர எடுத்துக்கறாங்க. ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். நம்ம வட்டாரப் போட்டி அவங்க கிரவுண்டுலதான் நடக்குது. அங்க வெச்சே பாத்துடுவாங்க."

சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அம்மா அப்போதுதான் தோல் கம்பெனியிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை கழுவினாலும் போகாத வாடை அது. வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். அப்பா எங்கே என்று நான் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அஞ்சாவது முடிஞ்சதும் என்கூட இட்டுக்கினு போலாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சுட்டேன் டீச்சர்" என்றார் அம்மா. "தோல்ல முடி சொரண்டற வேல. ஒருத்தி கூலியில என்னால முடியல. பொய் சொல்ல மாட்டேன்."

"அவள் வயசுக்கு அந்த வேலையாம்மா?"

"என் வயசு இன்னான்னு நெனைக்கற நீ?" என்று சிரித்தார். அவருக்கு முப்பதுகூட இருக்காது. அப்புறம் மகளைப் பார்த்தார். "ஓடி ஜெயிச்சு, அவங்களே வெச்சுக்கறேன்னு சொன்னா அனுப்பறேன். இல்லன்னா மே மாசம் கம்பெனிக்கு வந்துடணும். சர்தானா?"

மகள் சரி என்று தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். எனக்கு அந்த ஓட்டத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. போட்டித் தேதி வந்து சேரும் வரை இல்லை.

போட்டி ஒரு திங்கட்கிழமை காலையில் என்று போட்டிருந்தது.

தலைமையாசிரியரிடம் கத்தினேன். "உங்க நோட்டுக்காக வட்டாரமே தேதிய மாத்துமா டீச்சர்?" என்றார். நியாயம்தான். சரி, திங்கட்கிழமையை என்னால் மாற்ற முடியாது, ஞாயிற்றுக்கிழமையை மாற்றலாம் அல்லவா? அம்மாவிடம் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை என் வீட்டுக்கே வரவழைத்தேன். நாங்கள் தாம்பரம் மேற்கில் இருந்தோம். கோயில் முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் கறிக்குழம்புதான். அன்றைக்கு அரைக் கிலோ கூடுதலாக வாங்கி வரச் சொன்னேன்.

போட்டேன் பாருங்கள் சாப்பாடு. என் அட்டையில் வரைந்திருந்த எல்லாம் அவள் தட்டுக்கு வந்தது. மதியம் கறியும் சோறும். மாலையில் கேரட், ஆப்பிள். அவள் சாப்பிட்ட முதல் ஆப்பிள் அதுதான், சீக்கு ஒன்றும் இல்லாமலே. ராத்திரி சப்பாத்தி, முட்டைப் பொரியல். விடிந்ததும் நெய் விட்ட பொங்கல், இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், பெரிய டம்ளர் நிறையப் பால். வழக்கமாகக் காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பால் இல்லாத டீ ஒன்று குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிற வயிறு அது. எதிரே உட்கார்ந்து, "சாப்பிடு, சாப்பிடு, இன்னும் கொஞ்சம்" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் டீச்சர் பேச்சைத் தட்டாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைக்குக் கண்ணு பிதுங்குது, விடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேப்பர் படிங்க" என்றேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

மிஷன் பள்ளி மைதானம் எங்கள் பள்ளியைப் போல நாலு மடங்கு இருக்கும். சுற்றிலும் பெரிய மரங்கள். தரையில் சுண்ணாம்பால் வளைத்து வளைத்துக் கோடு போட்டிருந்தார்கள். இருபது பள்ளிப் பிள்ளைகள், ஒரே சத்தம். நடுவில் கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் கறுத்த, உயரமான ஓர் அம்மா. அவர்தான் பி.டி. டீச்சர். அவரைப் பார்த்ததும் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் ஓட்டம் நூறு மீட்டர். விசில் ஒலித்தது. எங்கள் பெண் முதல் பத்து எட்டிலேயே எல்லாரையும் விட்டுப் போய்விட்டாள். நான் எம்பிக் குதித்தேன். ஆமாம், நானே குதித்தேன். பாதி வழியில் அவள் வேகம் குறைந்தது. நின்றாள். ஊக்கைப் பிடித்திருந்த கை வயிற்றுக்குப் போனது. வெள்ளைக் கோட்டின் மேலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். பொங்கல், முட்டை, பால், எல்லாம். மற்ற பெண்கள் அவளைத் தாண்டி ஓடி முடித்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்து அவள் நெற்றியைப் பிடித்தேன். திட்டுவேன் என்று நினைத்துவிட்டாள்.

"திட்டாதீங்க டீச்சர். நான் வேணும்னு பண்ணல" என்றாள். பிறகு தரையைப் பார்த்து, "ரெண்டு முட்ட டீச்சர். வேஸ்டா பூட்ச்சு" என்றாள்.

ஓட்டம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

பி.டி. டீச்சர் ஒரு வாளி மண்ணோடு வந்து, அதை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "காலைல என்ன குடுத்தீங்க?"

வரிசையாகச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

"ஓட்டப் போட்டிக்குக் கூட்டிட்டு வந்தீங்களா, கல்யாணப் பந்திக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றார். "பழக்கமில்லாத வயித்துல இத்தனையும் போட்டா எங்க டீச்சர் நிக்கும்?" யாராவது என்னை அப்படிப் பேசினால் வழக்கமாக நான் விடமாட்டேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். வகுப்பில் அவள் குனிவது போலவே.

மிச்சம் இருந்தது இருநூறு மீட்டர் ஒன்றுதான், மதியம் இரண்டரைக்கு. அவள் மரத்தடியில் படுத்திருந்தாள். நான் எதையும் கொடுக்கப் பயந்து, தண்ணீரை மட்டும் வாய் வாயாகக் கொடுத்தேன். மே மாதமும் மேஸ்திரியும் என் கண் முன்னால் நின்றார்கள். அவள் அம்மா என்னை நம்பித்தான் மகளை ஒருநாள் விட்டார். நான் செய்தது இது.

பன்னிரண்டரை மணி வாக்கில் அவளே எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் பள்ளியில் அக்கா தட்டு அடிக்கிற நேரம் அது.

"டீச்சர், சோறு இருந்தா கொஞ்சம் குடுங்க. வெறும் சோறு. வேற ஒண்ணும் வாணாம்."

அவளையும் கூட்டிக்கொண்டு விடுதிச் சமையற்கூடத்தைத் தேடிப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொரு வாசலில் நின்று சோறு கேட்டேன். அங்கிருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் சோறும் ரசமும் போட்டுத் தந்தார். நான் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே பெரிய பெரிய அண்டாக்களில் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சாப்பிட்டாள். முக்கால் தட்டு ஆனதும் போதும் என்று தானே நிறுத்தினாள். எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு அவளுக்குக் கடைசி வெளிக் கோடு கிடைத்தது. வளைவில் ஓடுகிற ஓட்டத்தில் வெளிக்கோட்டுக்காரரைக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் மட்டும் ஏன் டீச்சர் முன்னாடி நிக்கணும்? ஏமாத்தறா மாதிரி கீதே." அது ஏமாற்று இல்லை, ஓடு என்றேன். எனக்கே அன்றைக்குக் காலையில்தான் அந்த விஷயம் தெரியும்.

விசில்.

என்னவென்று சொல்வது. நான் அதன் பிறகு எத்தனையோ விளையாட்டு விழாக்களில் நின்றிருக்கிறேன், அப்படி ஒன்றை மறுபடி பார்த்ததில்லை. நேரே கிளம்பியவள் நேரே போனாள். வளைவு வந்தது. மற்ற பெண்கள் கோட்டோடு வளைந்தார்கள். இவளுக்கு வளையத் தெரியவில்லை. வெளியே விலகி, கோட்டைத் தாண்டி, புல் மேல் அகலமாகச் சுற்றிக்கொண்டு போனாள். நான் அப்போதுதான் உணர்ந்தேன், எங்கள் பள்ளியில் இவள் ஓடியதெல்லாம் மரத்திலிருந்து பம்புக்கு நேர்க்கோடு. வளைவு என்ற ஒன்றை இவள் கால் அன்றுதான் பார்க்கிறது. அதைக்கூட நான் சொல்லித்தரவில்லை. கடைசி ஆளாகத்தான் வளைவிலிருந்து வெளியே வந்தாள். வந்ததும் நேர்க்கோடு. நேர்க்கோடு அவளுடையது. ஊக்கைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அவள் இரண்டு கையும் வீசி ஓடுவதை முதல்முறை அப்போதுதான் பார்த்தேன். ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர் என்று பின்னால் போனார்கள். எல்லைக் கயிற்றை ஓர் உயரமான பெண்ணின் மார்பு தொட்டது. அடுத்தது இவள். கை நீளம்தான் இடைவெளி.

இரண்டாவது. ஜெயித்தால் என்றுதானே அம்மா சொல்லியிருந்தார்? நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பி.டி. டீச்சர் வளைவுக்கு நடந்து போனார். புல்லில் பதிந்திருந்த காலடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து அவளிடம் கேட்டார். "ஏன் அவ்ளோ வெளிய போன?"

"எங்க ஸ்கூல்ல வளைவு கெடையாது டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை கேலி இல்லை. "காலைல வாந்தி எடுத்த பிள்ள. மத்தவங்கள விட எத்தனையோ அடி கூட ஓடிட்டு ரெண்டாவது வந்திருக்கு டீச்சர். முதல்ல வந்தவள நான் கேக்கல. இவள எனக்குக் குடுங்க. அம்மாகிட்ட நானே வந்து பேசறேன்."

மேஜைக்குக் கூட்டிப் போய் ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். விடுதியின் விதிகளை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டும். தன் துணியைத் தானே துவைக்க வேண்டும். வீட்டுக்கு லீவுக்குத்தான் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வந்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிமிர்ந்தாள்.

"நாயித்துக்கெழமயும் இங்க சோறு உண்டா டீச்சர்?"

"உண்டும்மா. ஏழு நாளும் உண்டு. ஞாயித்துக்கெழம கறிகூட உண்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். இந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைப் பசியைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் எத்தனை பெருமைப்பட்டிருந்தேன். முந்தின நாள் மதியம் அவளுக்குக் கறி பரிமாறியபோது, அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோடு திரும்பிப் போன அம்மாவை உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் இன்னொரு வயிறு இருக்கிறது என்பது என் நோட்டில் எங்கேயும் இல்லை.

"அப்ப எங்கம்மா வந்தா" என்றாள் அவள், "என் தட்டுல பாதி துன்னலாமா?"

பி.டி. டீச்சர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விதிகளில் அதற்கு இடம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"உன் தட்டுல எதுக்கு? தனித் தட்டு போடறேன், வரச் சொல்லு" என்றார்.

அப்புறம்தான் அவள் பேனாவைக் கேட்டாள்.